கமாண்டோ தேர்வில் 41-வது நாள் திரும்பி வந்தவன் எழுதுகிறேன்

கண்மாய்க்கரை எழுதியது:

எங்கள் ஊர் பேரையூர் பக்கம். ஊரில் எல்லாரும் என்னைக் கமாண்டோ என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் அப்படித்தான், ரேஷன் கடையிலும் அப்படித்தான். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். நான் கமாண்டோ இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இதைத் திருத்தாமல் இருந்துவிட்டேன். இப்போது திருத்தியே ஆக வேண்டிய நிலைமை, அதனால் இங்கே முதலில் எழுதுகிறேன்.

1997-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தேன். வெலிங்டனில் பயிற்சி. 2014-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். நடுவில் 2001-ல் ராணுவத்தின் கமாண்டோ படையான பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸஸுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்தேன். எந்த ரெஜிமென்டில் இருப்பவனும் விருப்பம் கொடுக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். 90 நாள் புரொபேஷன், அதாவது தேர்வுக் காலம். தூக்கம் கிடையாது, முதுகில் சுமைப் பை, கையில் ஆயுதம், எப்போது எழுப்புவார்கள், எவ்வளவு தூரம் ஓடவிடுவார்கள் என்று எதுவும் தெரியாது. அங்கே யாரும் உன்னைப் பிடித்து வைப்பதில்லை. "போதும்" என்று எந்த நிமிடமும் சொல்லலாம். சொன்னால் மரியாதையாகப் பழைய யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்டியூ என்பார்கள்.

நான் 41-வது நாள் ராத்திரி சொன்னேன்.

கால் உடையவில்லை, காய்ச்சல் இல்லை. முந்தின நாள் என் ஜோடி ஆள் யூனிட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி சுமையோடு நடக்கும்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்: 90-ல் 41 போனால் 49. இன்னும் 49 நாள் இதே மாதிரி. அந்த எண் வந்து உட்கார்ந்ததும் கால் கல்லாகிவிட்டது. பயிற்சி தருகிற உஸ்தாத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு தடவைதான் கேட்டார், "யோசித்துத்தான் சொல்கிறாயா?" என்று. ஆமாம் என்றேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தேன். காலையில் உடம்பில் பெரிய வலி ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்தக் காலைதான் என்னை உறுத்துகிறது.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நாலு வருஷமாக எங்கள் கண்மாய்க் கரையில் காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இந்தத் தடவை அக்னிவீர் (ராணுவத்தில் நாலு வருஷ வேலை) தேர்ச்சிப் பட்டியலில் ஒரு பையன் பெயர் வரவில்லை. அவன் போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். நாலு நாள் கழித்து திண்டுக்கல்லில் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். ஏன்டா என்று கேட்டதற்கு, "கமாண்டோ அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அவன் முழிக்கப் பயந்த முகம் 41-வது நாள் திரும்பி வந்த முகம்.

பையன்கள் போனில் அமெரிக்கக் கடற்படைக் கமாண்டோக்களான நேவி சீல் வீடியோக்கள் பார்க்கிறார்கள். தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு கிடப்பது, தலைக்கு மேல் படகைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பின்னால் ஒரு பாட்டு, "விட்டுக்கொடுக்காதே" என்று ஒரு குரல். அதுதான் மன உறுதி என்று நினைக்கிறார்கள். நானும் நாலு வருஷமாக அதே தோரணையில்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது. இதில் எது உண்மையில் சொல்லித் தர வேண்டிய விஷயம், எது வெறும் சத்தம்? படை அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

---

தெற்குவாசல் எழுதியது:

அண்ணே, முதலில் ஒன்று. அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? மனசு ரொம்பக் கனத்தால் 14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. 104-க்கும் கூப்பிடலாம். அவன் அம்மாவிடமும் இந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

வீட்டில்தான் இருக்கிறான் தம்பி. சாப்பிடுகிறான். வெளியே வருவதில்லை. எண்ணை எழுதிக்கொண்டேன், இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். நன்றி.

---

ரேஸ்கோர்ஸ்20 எழுதியது:

அண்ணே வணக்கம். வயசு 20. வீடு ஆனையூர், ரேஸ் கோர்ஸ் மைதானத்தில்தான் ஓடுகிறேன். அக்னிவீர் ஆன்லைன் பரீட்சைக்குப் பயம் இல்லை. 1.6 கிலோமீட்டர்தான் பிரச்சினை. 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால்தான் முழு 60 மதிப்பெண். எனக்கு 5.52. மூன்று மாசமாக அதே 5.52.

நீங்கள் சொன்ன அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் காலை, மாலை இரண்டு நேரமும் ஓடுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மணல் மூட்டை 15 கிலோ கட்டிக்கொண்டு ஓடுவேன். தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உறுதி கூடும் என்று ஒருத்தர் சொன்னார். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஒரு மாசமாக வலிக்கிறது. வலியைத் தாங்குவதும் பயிற்சிதானே என்று விட்டுவிட்டேன். நான் செய்வது தப்பா?

---

வெள்ளைஉடுப்பு எழுதியது:

தம்பி, தப்புதான். நான் செவிலியர், மதுரையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கோபமாக எழுதினால் அக்கா திட்டுகிறாள் என்று எடுத்துக்கொள்.

சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரி தாண்டுகிறது. நாலு மணிக்குத் தார் ரோட்டிலும் மைதானத்திலும் தரை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் 15 கிலோ சுமை, தண்ணீர் இல்லாமல். ஓடும்போது வருகிற வெப்பத் தாக்கத்தில் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகும். வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பாதே. ஓடுகிறவனுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவான், கோபப்படுவான், தள்ளாடுவான். கூட ஓடுகிறவர்கள் அதைப் பார்த்ததும் நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஐஸ் கிடைத்தால் அதையும் வைக்க வேண்டும். குளிரவைப்பதை நிறுத்தாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். மயக்கத்தில் இருப்பவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. கடுமையாக ஓடிய மறுநாள் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வா. தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். "சூடு பிடிச்சிருச்சு" என்று இளநீர் குடித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்த பையனுக்கு டயாலிசிஸ் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயசு. பிழைத்தான்.

நீ பார்க்கிற வீடியோவில் காட்டாத ஒன்றையும் சொல்கிறேன். சீல் பயிற்சியில் ஹெல் வீக் என்று ஒன்று இருக்கிறதே, ஞாயிறு ராத்திரி ஆரம்பித்து வெள்ளி வரைக்கும், மொத்தமாகவே நாலு மணி நேரம் போலத்தான் தூக்கம். 2022 பிப்ரவரியில் அந்த வாரத்தை வெற்றிகரமாக முடித்த ஒரு இளைஞர் சில மணி நேரத்தில் நிமோனியாவில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடற்படை மருத்துவக் கண்காணிப்பு முறையையே மாற்றியது. பிரிட்டனில் 2013 ஜூலையில் அவர்களுடைய சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். தேர்வுக்கான மலைநடையில் மூன்று பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அன்றைக்கு அங்கே 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் அது பெரிய வெயிலே கிடையாது.

எலும்பு வலியோடு ஓடாதே. விரல் நுனியால் தொட்டால் ஒரே இடத்தில் சுரீர் என்று வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

---

மல்லிச்சந்தை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எனக்குக் கடை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லிகை கொண்டுவருகிற அம்மாக்கள் எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சை வைத்துப் பறிக்கிறார்கள். விடிவதற்குள் சந்தை. விலை இன்றைக்கு ஆயிரம், நாளைக்கு நூறு. முகூர்த்தம் முடிந்ததும் பூ குப்பைக்குப் போகும். முப்பது வருஷமாக இப்படி வருகிற ஒரு அம்மா இருக்கிறார். புருஷன் இல்லை. ஒரு மகளை நர்ஸாக்கினார். அவருடைய மன உறுதியைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை. உறுதி என்றாலே ஏன் துப்பாக்கி பிடித்தவரிடம் போய்க் கேட்கிறோம்?

அதுவும் ராணுவத்தில் லங்கரில் சாப்பாடு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சம்பளம், பென்ஷன் இருக்கிறது. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது. அங்கே கற்றதை இங்கே தனியாக நிற்கிற ஒருத்தரிடம் "நீயும் இப்படி இரு" என்று சொல்வது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்மாய்க்கரை அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேள்வி அந்த வீடியோக்காரர்களுக்குத்தான்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

> விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது.

இந்த ஒரு வரிக்கு நான் நீளமாகப் பதில் எழுத வேண்டும். நீங்கள் மாறுபடுகிறேன் என்கிறீர்கள், ஆனால் நான் தடுமாறிக்கொண்டிருந்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

41-வது நாள் திரும்பி என் பட்டாலியனுக்கு வந்தேன். ரயிலில் வரும்போது செத்துவிடலாம் போல இருந்தது. கேட்டில் எங்கள் சுபேதார் சாஹிப் நின்றார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். "வந்துட்டியா? சாப்பிட்டியா?" அவ்வளவுதான் கேட்டார். லங்கருக்குக் கூட்டிப்போய் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். மறுநாள் காலை பி.டி.க்கு என் பெயர் இருந்தது. மறுவாரம் செக்ஷன் என்கிற ஒரு சிறு குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஏன் வந்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் பிழைத்தது அந்தச் சாப்பாட்டில்.

அப்புறம் சியாச்சின். சிறப்புப் படையில் கற்காததை அங்கேதான் கற்றேன். பனிமலையில் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பார்கள். பனிப்பிளவு எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. ஒருத்தன் உள்ளே போனால் மற்றவர்கள்தான் பிடிக்க வேண்டும். அதனால் கயிற்றில் மெதுவாக நடக்கிறவன் வேகம்தான் எல்லாருடைய வேகமும். தினமும் ராத்திரி ஜோடி ஆள் என் கால் விரல்களைப் பார்ப்பான், நான் அவனுடையதைப் பார்ப்பேன். வெளுத்திருக்கிறதா, மரத்திருக்கிறதா என்று. உன் கால் உனக்குத் தெரியாது, குளிரில் வலிகூட வராது. இன்னொருத்தன் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

தலைவலி வந்தால் சொல்லியாக வேண்டும். இருமலில் நுரை வந்தால், மூச்சு வாங்கினால் சொல்லியாக வேண்டும். அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் ஆரம்பம். "தாங்கிக்கொள்கிறேன் சாஹிப்" என்று மறைத்தால் ராத்திரி அவன் சாகலாம், அவனை இறக்கப் போகிறவர்களும் சாகலாம். எங்கள் போஸ்டில், அதாவது காவல் முகாமில், புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு நாள் தலைவலியை மறைத்துவிட்டான். வெட்கம். கீழே இறக்கிக் காப்பாற்றினோம். அன்றைக்குப் போஸ்ட் கமாண்டர் எல்லாரையும் கூட்டி, அந்தப் பையனைத் திட்டவில்லை, அவனுடைய ஜோடி ஆளைத்தான் கேட்டார்: "நீ எப்படிப் பார்க்காமல் போனாய்?"

ரேஸ்கோர்ஸ் தம்பி, எலும்பு வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்றாயே, எங்கள் போஸ்டில் அதற்குப் பெயர் குற்றம்.

2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்ட், 19,600 அடி உயரம், 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாடு. நம் மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவர், தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர். ஆறாவது நாள் 25 அடி பனிக்கு அடியில் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள், கர்நாடகத்துக்காரர், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. பிப்ரவரி 11 அன்று டெல்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். நான் அப்போது வெளியே வந்து இரண்டு வருஷம். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அவர் உயிரோடு இருந்த அதிசயத்தைப் பேசினார்கள். நான் அந்த உயரத்தில் ஆறு நாளும் விடாமல் பனியை வெட்டிக்கொண்டிருந்த கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்றில் பத்து அடி நடந்தாலே மூச்சு நிற்கும்.

பூச்சந்தை அம்மாவுக்கு அந்தக் கயிறு கிடையாது என்பது உண்மை. எங்களுக்கு இருந்ததை மறந்துவிட்டு உறுதி மட்டும் எங்களுடையது என்று சொல்வது பொய். அதை நான் நாலு வருஷமாகப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

---

ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி கண்மாய்க்கரை, கண் கலங்கிவிட்டது. நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், ஒரு சின்னச் சம்பவம் சேர்க்கிறேன்.

ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்று அமெரிக்கக் கடற்படை விமானி. 1965 செப்டம்பரில் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1973 பிப்ரவரி வரை ஹனோய் சிறையில். ஏழு வருஷத்துக்கு மேல். அதில் நாலு வருஷம் தனிக் கொட்டடி. யார் தாக்குப்பிடிக்கவில்லை என்று பின்னால் கேட்டபோது அவர் சொன்னது, நாள் குறித்துக்கொண்டு நம்பியவர்கள் என்று. கிறிஸ்துமஸுக்குள் விட்டுவிடுவார்கள் என்பார்கள், விட மாட்டார்கள். அப்புறம் ஈஸ்டர். அதுவும் போகும். மறுபடி கிறிஸ்துமஸ். அப்படியே மனம் உடைந்து இறந்தார்களாம். அவருக்குக் கடைசியில் வெளியே போவோம் என்ற நம்பிக்கை இருந்தது, ஆனால் எப்போது என்று தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் வீடுகளில் "இந்த வருஷம் எப்படியும் போயிருவான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைக்கிறோமே, அந்தப் பையன் காணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அந்தச் சிறையில் பேசினால் அடி. கைதிகள் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, இத்தனை தட்டு வரிசை, இத்தனை தட்டு இடம் என்று கணக்கு. 26 எழுத்து 25 கட்டத்தில் அடங்காது என்று கே-க்குப் பதில் சி. அடித்துத் துவைக்கப்பட்டு அறைக்குத் திரும்பி வந்தவனுக்குப் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டுவான். நீ சொன்ன "சாப்பிட்டியா" அதுதான்.

---

உளவியல்வகுப்பு எழுதியது:

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் எதிரியிடம் பிடிபட்டால் எப்படி இருப்பது என்று பழக்குகிற ஒரு முகாம் உண்டு. பட்டினி, தூக்கமின்மை, போலி விசாரணை. அங்கே வந்த சாதாரணச் சிப்பாய்கள், சிறப்புப் படையினர் என இரு தரப்பினருடைய ரத்தத்தையும் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2000-வாக்கில் சோதித்தது. பயம் வரும்போது உடம்பில் சுரக்கிற பொருள்கள் இரு தரப்புக்கும் ஏறின. சிறப்புப் படைக்காரர்களுக்குப் பயமே வராது என்பது கதை. வித்தியாசம் 24 மணி நேரம் கழித்துப் பளிச்சென்று தெரிந்தது. நியூரோபெப்டைடு ஒய் என்று, பதற்றத்தைத் தணிக்கிற ஒரு பொருள். சிறப்புப் படையினருக்கு அது பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்குப் பழைய அளவைவிடவும் கீழே போய்க் காலியாகக் கிடந்தது.

மீள்திறன் என்று தமிழில் சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதில் "மீள்" இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் தம்பி காலை, மாலை, சுமை, தாகம் என்று ஏற்றிக்கொண்டே போகிறார், மீள்வதற்கு நேரமே கொடுக்கவில்லை. 5.52 அசையாமல் நிற்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

சீல் படையினருக்கு மன அளவில் சொல்லித் தருவதும் நாலு சாதாரண விஷயம்தான். இலக்கைச் சின்னதாக வெட்டிக்கொள்வது, செய்யப்போவதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, தனக்குத் தானே நல்லபடியாகப் பேசுவது, மூச்சைச் சீராக்கிப் பதற்றத்தை இறக்குவது. நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விட்டு, நாலு எண்ணிக் காலியாக இருப்பது. ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் இதைச் செய்யலாம். ஓடும்போது செய்யாதீர்கள், அப்போது உடம்புக்குக் காற்று வேண்டும்.

---

வருசநாட்டுக்காரி எழுதியது:

எல்லாம் படித்தேன். ராணுவத்துக்காரர் மனைவியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சிறப்புப் படையில் இருந்தவர். மெரூன் தொப்பி. 90 நாளையும் முடித்தவர். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாத மாசங்கள் உண்டு. மாமியாருக்கு ஆபரேஷன், குழந்தைக்கு டெங்கு, வீடு கட்ட மணல் வாங்கினது, எல்லாம் நான்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவர் ஓய்வுபெற்று வந்த பிறகு ராத்திரி தூங்க மாட்டார். திருவிழா வெடிச் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். மூன்று வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "நாங்கள் இதற்கெல்லாம் பழகினவர்கள்" என்பார். அண்ணன் எழுதினாரே, தலைவலியை மறைத்தால் குற்றம் என்று. அந்தச் சட்டம் மலையில் இருந்தது, வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் அவருடைய பழைய கூட்டாளி ஒருத்தர் வந்தார், அதே டீம். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் டாக்டரைப் பார்க்கிறேன்டா, ஒரு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. மறுவாரம் இவரே என்னைக் கூப்பிட்டு, மதுரைக்குப் போவோம், முன்னாள் படையினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் எழுதி வாங்குவோம் என்றார். இப்போது தூங்குகிறார். வெடிச் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுவார். ஆனால் சொல்லிவிடுவார், "கொஞ்சம் கையைப் பிடி" என்று.

கண்மாய்க்கரை அண்ணனுக்கு ஒன்று. நீங்கள் எழுதினதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். 41 நாள் என்று கேட்டதும், "41 நாளா? எங்கள் பேட்ச்சில் பத்தாவது நாளே பாதிப் பேர் இல்லை. நானும் தினமும் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், என் ஜோடி ஆள் கடைசி வரை இருந்தான், அவ்வளவுதான்" என்றார். அப்படியே எழுதச் சொன்னார்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

அம்மா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ் தம்பி, இப்போது உன் விஷயம். 5.30 என்றால் 330 விநாடி. 400 மீட்டர் சுற்று நாலு. ஒரு சுற்றுக்கு 82-லிருந்து 83. உன் ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு என்று எழுது.

---

ரேஸ்கோர்ஸ்20 எழுதியது:

அண்ணே, நண்பன் வாட்சில் எடுத்தது இருக்கிறது. முதல் சுற்று 76, இரண்டாவது 86, மூன்றாவது 97, நாலாவது 93.

அக்கா சொன்னபடி டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் விரிசல் இல்லை. எலும்பு உறையில் வீக்கம் என்றார். மூன்று வாரம் ஓடக் கூடாது. சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் அடிக்கலாம்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

மூன்று வாரம் என்றால் மூன்று வாரம். இருபதாவது நாளே கிளம்பிவிடாதே. மணல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடு.

உன் எண்ணைப் பார்த்தாயா? முதல் சுற்றில் 76. பயத்தில் ஓடியிருக்கிறாய். மூன்றாவதில் 97. அந்த இடத்தில்தான் "இன்னும் ஒன்றரைச் சுற்று இருக்கிறதே" என்று கணக்குப் போட்டிருப்பாய். நான் 49 நாள் என்று போட்ட அதே கணக்கு. நாலாவதில் தானாகவே 93-க்கு இறங்கியிருக்கிறது பார், முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் கால் வந்துவிட்டது. அப்படியானால் மூன்றாவதிலும் காலில் தெம்பு இருந்திருக்கிறது.

கால் ஆறின பிறகு முதல் சுற்றை 83 விநாடியைவிட வேகமாக ஓட வேண்டாம். எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அதைப் பொறுப்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் பழக வேண்டும். மூன்றாவது சுற்றில் சுற்றை நினைக்காதே. அடுத்த கம்பம் வரை. அது வந்ததும் அடுத்த மரம் வரை. வாரத்தில் இரண்டு நாள்தான் வேகப் பயிற்சி, அதுவும் விடிகாலையில், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். ஏழு மணி நேரமாவது தூங்கு. தனியாக ஓடாதே.

அப்புறம் ஒன்று, வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் செய்தும் வயது வரம்பு தாண்டிப் போகலாம். போனவர்களிலும் நாலு வருஷம் முடித்து நிரந்தரமாக எடுப்பது நாலில் ஒருத்தரைத்தான். ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி தேதி குறித்துக்கொள்ளாதே. படிப்பை விடாதே. போலீஸ் தேர்வுக்கும் எழுது.

---

மல்லிச்சந்தை எழுதியது:

அண்ணே, பையன்களுக்குப் பயிற்சி முடிந்ததும் சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள்?

---

கண்மாய்க்கரை எழுதியது:

ஒன்றும் இல்லை. அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சில பையன்கள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது எனக்குத் தெரியும்.

---

மல்லிச்சந்தை எழுதியது:

எத்தனை பேர்? திங்கள்கிழமையிலிருந்து ஆளுக்கு இரண்டு முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் என் கணக்கு. உங்கள் ஊர்ப் பக்கமிருந்து பூ கொண்டுவருகிற வேன் காலையில் காலியாகத்தான் திரும்புகிறது, அதில் கொடுத்துவிடுகிறேன். கயிறு இல்லை என்று நான்தான் எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

---

கண்மாய்க்கரை எழுதியது:

பத்தொன்பது பேர். கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை. அவன் அம்மா காப்பி கொண்டுவந்தார். கதவு திறந்துதான் இருந்தது, அவனுக்குக் கேட்கும் என்று தெரியும். திண்ணையில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். 2001, 41-வது நாள், ரயில், சுபேதார் சாஹிப். ஊரில் நான் யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடிக்கும்போது எனக்குக் குரல் போய்விட்டது. உள்ளே சத்தமே இல்லை.

எழுந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து கேட்டான், "அந்த சாஹிப் என்ன சாப்பாடு வாங்கிக் கொடுத்தாரு?"

ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு என்றேன்.

வெளியே வந்து நிலைப்படியில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. "அடுத்த தடவை ஓடுறனானு தெரியல அண்ணே" என்றான். ஓட வேண்டாம்டா, சின்னப் பையன்கள் ஏழு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், எனக்குச் சுற்று நேரம் குறிக்க ஆள் இல்லை என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாப்வாட்சைக் கையில் வாங்கிக்கொண்டான்.

---

ரேஸ்கோர்ஸ்20 எழுதியது:

அண்ணே, மூன்று வாரம் முடிந்ததும் நானும் உங்கள் கரைக்கு வரலாமா? ஆனையூரிலிருந்து பஸ் பார்த்து வந்துவிடுவேன்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

விடிகாலைப் பஸ்ஸை நம்பாதே, கிடைக்காது. முந்தின ராத்திரியே வந்துவிடு, எங்கள் வீட்டு மாடியில் படுத்துக்கொள். காலை 5.15-க்குக் கரையில் இருக்க வேண்டும். டார்ச் எடுத்து வா, கருவேல முள்ளும் பாம்பு நடமாட்டமும் உண்டு. டாக்டர் சீட்டையும் கொண்டு வா, பார்த்துவிட்டுத்தான் ஓட விடுவேன்.